ஒரு நாள் பலகை

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், தேர்தலன்று விரலில் மை வைக்கும் வேலை எனக்கு. அன்றைக்காகப் படிக்கட்டின் மேல் மரப்பலகையைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். அதில் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு ஒருவர் ஏறி வந்தார். காய்த்துப்போன உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் விரலை நீட்டினார். ஓட்டுப் போட்ட பிறகும் போகவில்லை.

"எம்மக படிக்கிற வகுப்பு சார் இது. தெனமும் வாசலோட விட்டுட்டுப் போயிருவேன். இன்னைக்குத்தான் உள்ள வாரேன். அவ பெஞ்சு எங்கிட்டு சார்?"

பெஞ்சுகளையெல்லாம் முந்தைய நாளே வெளியே அடுக்கிவிட்டோம் என்றேன்.

"சன்னலோரம்னு சொல்லுவா," என்றபடி அங்கே போய், கரும்பலகையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

மாலையில் பந்தல்காரர் படிக்கட்டுப் பலகையைக் கழற்றி வண்டியில் ஏற்றினார். மறுநாள் பெஞ்சுகள் உள்ளே வந்திருக்கும். மகளை விட்டுவிட்டு அவர் மறுபடி வாசலோடு திரும்பியிருப்பார்.