பீரோவில் பூட்டிய குரல்

மூன்று நாளாக என் மகள் அமலி அழுதுகொண்டே இருந்தாள். எதற்கு அழுகிறாள் என்று பெற்றவளான எனக்கே தெரியவில்லை. அந்த மூன்று நாளையும், நான்காம் நாள் ஆண்டவர் எனக்குக் காட்டியதையும் சொல்லாமல் இருந்தால் மனம் ஆறாது. அதனால் எழுதுகிறேன்.

அமலிக்குப் பதினொரு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் மூளை பாதித்தது. கை கால் விறைப்பு. பேச்சு இல்லை. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். பதில் சொல்லத்தான் வாய் ஒத்துழைக்காது. நாங்கள் திருமானூர் பக்கம். கணவர் அரியலூரில் சிமென்ட் லாரி ஓட்டுகிறார்.

அமலி படிக்கும் பள்ளிக்கு வாரம் ஒரு நாள் தெரபிஸ்ட் மேடம் ஒருவர் வருவார். சாப்பிட, எழுத, உட்கார என்று அன்றாட வேலைகளுக்குப் பிள்ளைகளைப் பழக்குவது அவர் வேலை. அவர்தான் சென்ற ஆண்டு ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து சக்கர நாற்காலியில் பொருத்தினார். திரை முழுக்கப் படங்கள். விரல் வழுக்கிப் பக்கத்துப் படத்தில் படாதபடி மேலே ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் தகடு. ஓட்டைக்குள் கட்டைவிரலை விட்டு அழுத்தினால் அந்தப் படத்துக்குரிய சொல் ஒலிக்கும். சொற்களை என் குரலில்தான் பதியச் சொன்னார்.

"புத்தகத் தமிழ் வேணாங்க. உங்க வூட்டுல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே சொல்லுங்க."

பசிக்குது, வலிக்குது, கோவம், போதும், வூட்டுக்குப் போவோம். எல்லாம் என் குரல். நான்கு மாதம் பழகினாள். ஒருநாள் வகுப்பில் பெயர் கூப்பிட்டபோது "உள்ளேன் மிஸ்" என்று டேப்லெட் சொன்னது. வகுப்பே கை தட்டியதாம்.

எனக்கு அது போதவில்லை. என் பிள்ளை வாயால் பேச வேண்டும் என்பதுதான் பதினொரு வருடத்துச் செபம். போதாததற்கு என் நாத்தனார் வேறு குத்திக்கொண்டே இருந்தார்.

"ஏன்டி லூர்து, டப்பா பேசிக்கிட்டே இருந்தா புள்ள எப்படிடி பேசும்? நோவாம கெடைக்குதுன்னு வாயத் தொறக்குமா?"

பேச்சை இது தடுக்காது என்று மேடம் பலமுறை சொல்லியிருந்தார். படித்தவள் நான், ஆனாலும் நாத்தனார் சொன்னதுதான் மனதில் நின்றது.

சாம்பல் புதனன்று எங்கள் பங்குத்தந்தை பிரசங்கத்தில், இந்தத் தவக்காலம் நாற்பது நாளும் செல்போனையும் ஒறுத்து, தொடாமல் வையுங்கள் என்றார். எனக்கு ஒரு வழி திறந்த மாதிரி இருந்தது. நாற்பது நாள் அமலிக்கு டேப்லெட் கிடையாது, ஏலாக்குறிச்சியில் உன் கோவிலுக்கு நடந்தே வருகிறேன், மாதாவே, பிள்ளை வாயைத் திற என்று நேர்ந்துகொண்டேன். டேப்லெட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மனம் மாறிவிடக்கூடாது என்று சாவியை என் செபமாலையின் சிலுவையோடு சேர்த்து முடிந்துவைத்தேன்.

மேடம் கேட்டபோது ரிப்பேர் என்று பொய் சொன்னேன்.

மூன்றாம் வாரம் அழுகை தொடங்கியது. சாப்பாட்டைத் தட்டிவிட்டாள். பீரோவைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

"டப்பா கேட்டு அடம் புடிக்கிது. எறங்காத, லூர்து" என்றார் நாத்தனார்.

நானும் இறங்கவில்லை. பிள்ளையின் அழுகையைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்தேன். ஐயோ, எதை ஒப்புக்கொடுத்தேன்!

நான்காம் நாள் காலை உடம்பு கொதித்தது. பச்சையாக வாந்தி எடுத்தாள். அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். டாக்டர் எங்கே தொட்டாலும் அவள் உடம்பு வில்லாக விறைத்தது. எங்கே தொட்டாலும் அலறினாள்.

"எங்க வலின்னு பாப்பா எப்படிம்மா சொல்லும்? சைகை ஏதாவது காட்டுமா?"

"சைகை வராதுங்க" என்றேன். அவர் ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். முன்னால் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான் செபமாலையை எடுத்தேன். "அம்மா, அவளைப் பேச வையுங்க, இப்பவே பேச வையுங்க" என்று மணிகளை உருட்டினேன். எத்தனை உருட்டினேன் என்று தெரியாது. சிலுவையைப் பிடிக்கப் போன விரலில் சாவி தட்டுப்பட்டது.

அந்த நொடியை எப்படிச் சொல்வது? யாரோ என் கையைப் பிடித்து அந்தச் சாவியின் மேல் வைத்தது போல இருந்தது. பேச வை, பேச வை என்று கேட்டுக்கொண்டே அவள் வாயைப் பூட்டிச் சாவியைச் செபமாலையில் கோத்து வைத்திருந்தேன்.

"என்னங்க, ஓடுங்க! பீரோவுல டேப்லெட்டு இருக்கு!"

கணவர் சாவியை வாங்கிக்கொண்டு பைக்கில் போய் வருவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. வந்தும் பயனில்லை. மூன்று வாரமாகப் பூட்டிக் கிடந்ததில் சார்ஜ் துளிகூட இல்லை. வார்டு சுவரில் செருகிவிட்டு, கறுத்த திரையையும் பிள்ளை முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றோம். அமலி முனகலைக்கூட நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பெரிய பயம்.

திரையில் வெளிச்சம் வந்தது. அவள் கையைத் தாங்கிப் பிடித்தேன். கட்டைவிரல் ஓட்டைகளின் மேல் தடவித் தடவிப் போய் ஒன்றில் இறங்கியது.

"அம்மா."

என் குரல். மறுபடியும் "அம்மா." நான்கு தடவை. பிறகு "வலிக்குது." உடம்புப் படம் உள்ள பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். "வயிறு" என்றாள். அடுத்து, வலது பக்கம், கீழே.

டாக்டர் திரும்பி வந்து அந்த இடத்தை மட்டும் மெதுவாக அழுத்திக் கையை எடுத்தார். அவர் முகம் மாறியது. "முதல்ல இந்தப் பாப்பாவ உள்ள அனுப்புங்க" என்று சத்தம் போட்டார். குடல்வால் வெடிக்கும் நிலை. அன்று மதியமே அறுவை சிகிச்சை முடிந்தது. என் மகள் பிழைத்தாள். ஆண்டவருக்குத் தோத்திரம்.

மயக்கம் தெளிந்த மறுநாள் டேப்லெட்டை அவள் முன்னால் வைத்தேன். அவள் அழுத்திய முதல் சொல் "கோவம்." என்னைப் பார்த்துக்கொண்டே மறுபடி அழுத்தினாள். "ஆமாண்டி தங்கம், கோவப்படு" என்று சொல்லி அவள் காலைப் பிடித்து அழுதேன். மேடத்திடமும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

பங்குத்தந்தை பார்க்க வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னார்: "நான் ஒறுத்து வைக்கச் சொன்னது உங்க செல்போனைம்மா. பிள்ளையோட வாயை இல்ல."

தையல் ஆறியபின் ஏலாக்குறிச்சிக்கு நடந்தோம். நாற்காலியில் டேப்லெட்டோடு அமலியும் வந்தாள். நாத்தனார் பாதி வழி தள்ளிக்கொண்டு வந்தார். பூசை முடிந்து அறிவிப்புகள் நீண்டுகொண்டே போயின. திடீரென்று கோவில் முழுக்கக் கேட்கும்படி என் குரல்: "போதும். வூட்டுக்குப் போவோம்." எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வெட்கத்தில் தலை குனிந்தேன். அமலி சிரித்தாள்.

அவள் இன்னும் வாயால் பேசவில்லை. பேசாமலே போகலாம். ஆனால் என் செபம் கேட்கப்பட்டது. நான் நேர்ந்துகொள்வதற்கு முன்பே, அந்த டேப்லெட் வந்த அன்றே கேட்கப்பட்டிருந்தது. பிள்ளைக்காக அழுது மன்றாடிக்கொண்டிருக்கும் தாய் தகப்பன்மாரே, மன்றாடுங்கள், விட்டுவிடாதீர்கள், ஆண்டவர் கேட்கிறார். செபம் முடித்து எழும்போது உங்கள் கையை மட்டும் ஒருமுறை விரித்துப் பாருங்கள். சாவி அதில் இருக்கலாம்.