வெயிலில் காயவைத்த துருசு

தர்சினி ரீச்சரைக் கொன்றது மணல் டிப்பர் அல்ல. ஓர் ஆசிரியையை இரண்டு பாடசாலைகளுக்குப் பங்குபோட்டு, நண்பகல் வெயிலில் ஸ்கூட்டியில் ஓடவிட்டவர்கள் கொன்றார்கள். டிப்பர் ஓட்டியவன் மறியல் சிறையில் இருக்கிறான். மற்றவர்கள் அலுவலகக் கதிரைகளில் இருக்கிறார்கள்.

செய்தி வந்தபோது நான் பத்தாம் வகுப்பில் கணிதம் எடுத்துக்கொண்டிருந்தேன். பாடசாலை அதிபர் கதவடியில் வந்து நின்றார். "சேர், தர்சினி ரீச்சரை டிப்பர் அடிச்சுப்போட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுதாம்." பிறகு, "இனி கெமிஸ்ட்ரிக்கு ஆரைப் பிடிக்கிறது?" என்றார். அன்றைக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. இப்போது இல்லை. அவரும் களைத்துப்போன மனிதர். அந்தக் கேள்வியை அன்றைக்கு வாய்விட்டுக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ரீச்சரோடு படிப்பித்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவரது பெற்றோர் மலையகத்தில் இனக்கலவரத்தில் அடிவாங்கி, கையில் கிடைத்ததோடு வன்னிக்கு ஓடிவந்து ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். நம்மில் சிலருக்கு அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பூர்வீகம் கடைசிவரை உறுத்தலாகவே இருந்தது. ஒருநாள் ஓய்வறையில் ஒருவர் சிரித்துக்கொண்டே விசாரித்தார்.

"ரீச்சர் எந்த இடம்?"

"ஜெயபுரம்."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி அம்மாவின்ர வயித்துக்க, சேர்."

கேட்டவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனார். ரீச்சர் மாணவர்களின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

உயர்தர மாணவர்களின் செய்முறை ஒன்றுக்கு நீரற்ற செப்பு சல்பேற்று தேவைப்பட்டது. எங்கள் ஆய்வுகூடத்தில் அது இல்லை. விசுவமடுவில் வயல் மருந்து விற்கும் கடையில் துருசு வாங்கிவரும்படி ரீச்சர் பிள்ளைகளிடம் சொன்னார். அதுவும் செப்பு சல்பேற்றுத்தான், ஆனால் நீரேறிய நீலப் பளிங்கு. "இதில இருக்கிற தண்ணியை எடுத்துப்போட்டு வையுங்கோ, மிச்சத்தை நாளைக்குச் சொல்லுறன்" என்றுவிட்டு, இடைவேளை மணியோடு மற்றப் பாடசாலைக்கு ஓடினார். எப்படி எடுப்பது என்று சொல்ல அவருக்கு நேரம் இருக்கவில்லை.

பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். உரப்பை ஒன்றைக் கிழித்து மைதானத்தில் விரித்து, துருசைப் பரவி, கோடு கீறும் அடிமட்டத்தால் கிளறிக் கிளறிக் காயவைத்தார்கள். மறுநாள் காலையிலும் விரித்தார்கள். ரீச்சர் வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன பிள்ளையள், நெல்லோ காயப்போட்டனீங்கள்?"

"நல்லாக் காய்ஞ்சிட்டுது ரீச்சர்," என்றாள் யசோ. தர்மபுரத்தில் வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. "ஆட்டிப் பாருங்கோ, கலகலவெண்டு கிடக்கு."

"கலகலவெண்டுதான் கிடக்கும். நிறம் என்ன?"

"நீலம்."

"அப்ப தண்ணி உள்ளுக்கதான் இருக்கு. வாங்கோ."

கண்ணீர் வருமட்டும் சிரித்தபடியே அவர்களை உள்ளே கூட்டிப்போனார். எனக்கு அது ஓய்வுப் பாடவேளை. நானும் பின்னால் போனேன். பீங்கான் கிண்ணத்தில் போட்டுச் சூடாக்க, ஆவி எழும்பி நீலம் மங்கி, கடைசியில் வெள்ளைத் தூள் மட்டும் கிடந்தது. "பழுதாக்கிப்போட்டியள் ரீச்சர்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். ஆறிய தூளில் ஒரு துளி தண்ணீர் விட்டார். விட்ட இடம் நீலமானது, கிண்ணமும் இளஞ்சூடானது.

யசோ விடவில்லை. "ஈரநெல்லுக்கு வியாபாரி நிறை கழிக்கிற மாதிரியோ ரீச்சர்?"

"இல்லையடி. நெல்லில ஈரம் கூடும், குறையும். எவ்வளவெண்டு வியாபாரி வாயால சொல்லுவான், உன்ர அப்பர் தலையாட்டுவார். இது பளிங்குக்குள்ள கட்டுப்பட்ட தண்ணி. ஒரு செப்பு சல்பேற்றுக்கு ஐஞ்சு தண்ணி மூலக்கூறு. உன்ர வீட்டில நிறுத்தாலும் ஐஞ்சு, கொழும்பில நிறுத்தாலும் ஐஞ்சு. ஒருத்தரும் ஏமாத்தேலாது."

"அப்ப நெல்லையும் இப்பிடிப் படைச்சிருக்கலாம்."

"அதைக் கடவுளிட்டக் கேள். எனக்கு இப்ப கணக்கைச் செய்து காட்டு. நீலத்தை நிறுத்துப்போட்டு வெள்ளையின்ர நிறையெண்டு எழுதினியோ, மூண்டில ஒரு பங்குக்கு மேல தண்ணியைத்தான் நிறுத்திருப்பாய்."

ஓடி ஓடி அவர் மெலிந்துபோனதை எல்லோரும் பார்த்தோம். இடைவேளைக்கு முன் ஆய்வுகூட மேசையில் தலைவைத்துக் கிடப்பார். "நித்திரையோ ரீச்சர்?" என்று கேட்டால், "இல்லை சேர், கண்ணை மட்டும் மூடினனான்" என்பார். இன்னொருவரை நியமியுங்கள் என்று அவர் கல்வி அலுவலகம் ஏறி இறங்கியது எனக்குத் தெரியும். "தற்காலிகம்தானே, கொஞ்சம் பொறுங்கோ" என்றார்கள். அவர்களின் பிள்ளைகள் நகரத்துப் பாடசாலைகளில், பாடத்துக்கொரு ஆசிரியரிடம் படிக்கிறார்கள்.

ரீச்சரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. சூடாக்கிய தூளை ஒருதரம் நிறுத்ததோடு விடமாட்டார். "திருப்பிச் சூடாக்கு, திருப்பி நிறு. நிறை மாறாமல் நிண்டால்தான் தண்ணி முழுக்கப் போச்செண்டு சொல்லலாம்." நான் கணிதக்காரன், விடை வந்தால் கோடு கீறி முடித்துவிடுகிறவன். இப்போது கோடு கீறுவதற்கு முன் இன்னொருதரம் பார்க்கிறேன்.

முப்பத்தோராம் நாள் பாடசாலையில் அஞ்சலிக் கூட்டம் வைத்தோம். அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து படத்துக்கு மாலை போட்டார். அர்ப்பணிப்பு, அர்ப்பணிப்பு என்று நெடுநேரம் பேசினார். நிரப்பாத வெற்றிடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. அவர் பேசி முடித்துக் கதிரையில் இருந்ததும் பிள்ளைகளின் வரிசையிலிருந்து யசோ எழுந்தாள். யாரும் அவளைப் பேசக் கூப்பிடவில்லை.

"ஐயா, ரீச்சர் போனதிலயிருந்து எங்களுக்குக் கெமிஸ்ட்ரிப் பாடம் நடக்கேல்லை. வாற சோதினை எங்களுக்குத்தான். எப்ப ஆள் போடுவியள்? திகதியைச் சொல்லுங்கோ."

அதிகாரி அதிபரைப் பார்த்தார். அதிபர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். யசோ உட்காரவில்லை.