நானாவுக்குப் பெண் கேட்டு மலேசியா போனோம்

சனிக்கிழமை. கட்டுநாயக்காவில் காலையில் விமானம் ஏறி, மூன்றரை மணித்தியாலத்தில் நானும் உங்கள் ஹனீபா மாமாவும் கோலாலம்பூரில் இறங்கினோம். பிள்ளைகளே, நீங்களும் ஒருநாள் போவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். விசாவையும் வருகை அட்டையையும் புறப்படுமுன் போனிலேயே நிரப்பிவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டைக் கடதாசியில் எடுத்துக் கையில் வைத்திருங்கள், என்னிடம் கேட்டார்கள். கடிகாரத்தை இரண்டரை மணித்தியாலம் முன்னே தள்ளுங்கள். மாமா தள்ளவில்லை. பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது, "இப்ப பகல் லுஹர் நேரம்தானே" என்று நின்றார்.

உங்கள் மூத்த நானா, என் மூத்த மகன் றிஸ்வான் காருடன் வந்திருந்தான். கிள்ளான் நகரில் ஒரு கராஜில் நான்கு வருடமாக வேலை. அங்கே வேலை செய்யும் ஆயிஷா என்ற மலாய்ப் பெண்ணைக் கல்யாணம் முடிக்க விரும்பினான். பெண்ணுக்கும் விருப்பம். பெண்ணின் வாப்பா மட்டும், குடும்பத்தைக் காணாமல் ஒரே மகளைக் கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார். அவர் ஓம் சொன்னால்தான் கல்யாணம். உங்கள் உம்மாவோ, கல்யாணத்தைப் பேசி முடித்து நானாவை ஊருக்கே திருப்பிக் கூட்டிவரச் சொல்லி என்னை அனுப்பியிருந்தார்.

வழியில் தேத்தண்ணி குடித்தோம். அங்கே கடையைக் 'கெடாய்' என்கிறார்கள், கப்பலைக் 'காப்பால்' என்கிறார்கள். நம் சொற்கள் நமக்கு முன்பே கடல் தாண்டிவிட்டன. ஆற்றி நுரைத்த பால் தேத்தண்ணிக்கு 'தே தாரிக்' என்று பெயர், இரண்டரை ரிங்கிட். 'குராங் மானிஸ்' என்று சேர்த்துச் சொல்லுங்கள், சீனியைக் குறைப்பார்கள். சொல்லாவிட்டால் பாயாசம்தான்.

நானா கடைக்காரருடன் மலாயில் பகிடி விட்டுக் கதைத்தான்.

"இவன் இங்கிலீசுல பெயிலான புள்ளதானே மச்சான்?" என்றார் மாமா.

"இங்கிலீசுலதானே பெயில். மலாய்ல இல்லியே!" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிறு பகல். கோலாலம்பூரிலிருந்து எண்பது கிலோமீட்டர் அளவில் தஞ்சோங் காராங், பெண்ணின் ஊர். ஒரு பக்கம் கண்ணெட்டும் வரை வயல், மறுபக்கம் கடல். நம் ஊர் சாய்ந்தமருதைத் தூக்கி அங்கே வைத்தது போல இருந்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீரைக் கண்டதும், வயல் செய்கிறவனான எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

பெண்ணின் வாப்பா பாக் யூசோப் வாசலுக்கு வந்து "சுடா மாக்கான்?" என்றார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். சாப்பிட்டிருந்தாலும் இல்லையென்றே சொல்லுங்கள். வாழையிலை விரித்த பெரிய தட்டம் வந்தது. சோறு, கோழி, வறுத்த தேங்காய்ப்பூ, கருவாடு. அதைச் சுற்றி நாலு பேர் குந்தி, ஒரே தட்டத்தில் உண்ண வேண்டும். பெயர் நாசி அம்பெங்.

"மச்சான், இது நம்மட சகன் சாப்பாடுதானே! நாம கல்யாணத்துல ஆறு பேர் குந்துற, இவங்க நாலு பேர்," என்றார் மாமா, வாய் நிறையச் சோற்றுடன்.

எல்லோரும் உண்டு முடித்த பின் பாக் யூசோப் மெதுவாக ஏதோ கேட்டார். நானாதான் மொழிபெயர்த்தான்.

"வாப்பா, கல்யாணம் முடிஞ்சா மகள இலங்கைக்குக் கூட்டிட்டுப் போவீங்களா எண்டு கேக்கிறார்."

"டேய், இஞ்சயே இரிக்க உனக்கு வாய்ப்பா மாத்திச் சொல்லாத," என்றார் மாமா.

"அல்லாஹ்வுக்காக மாமா, அவர் கேட்டதத்தான் சொல்றன்."

பெண்ணின் உம்மா கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்தவர், ஊற்றாமல் அப்படியே நின்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் வேறு பதில் சொல்ல முடியவில்லை.

"சொல்லு மனே," என்றேன். "எங்கட ஊர்ல பொண்ணு மாப்பிள்ள வீட்டுக்கு வாறல்ல. மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டுக்குப் போற. நானும் அப்படிப் போனவன்தான். இவனும் இஞ்சதான் இரிப்பான்."

நானா மொழிபெயர்க்குமுன் என்னையே பார்த்தான். "வாப்பா, உம்மா..."

"உம்மாட்ட நான் கதைக்கிறன். நீ சொல்லு."

நம் ஊரில் வீட்டையும் பெண் வீட்டார்தான் கட்டிக் கொடுப்பார்கள். அதை நான் கேட்கவில்லை. "வீட்ட ரெண்டு பேரும் உழைச்சிக் கட்டட்டும். அதையும் சொல்லு," என்றேன்.

சொன்னான். பாக் யூசோப் என் இரண்டு கைகளையும் பிடித்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அந்திக்கு உங்கள் உம்மாவுக்குப் போன் எடுத்தேன். நடந்ததை இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தார். பிறகு, "நம்மட வழக்கத்தத்தானே சொல்லியிரிக்கீங்க," என்றார். போனை வைக்குமுன், "புள்ள மெலிஞ்சிட்டானா?" என்று கேட்டார்.

திங்கள். விமான நிலையத்துக்கு எல்லோரும் வந்தார்கள். என் வாப்பா என்னை மாப்பிள்ளையாக உங்கள் உம்மா வீட்டுக்கு அனுப்பியது மூன்று ஒழுங்கை தள்ளி. நினைத்த நேரம் நடந்து வந்து பார்த்துவிட்டுப் போவார். நான் அனுப்பியிருப்பது அப்படி நடந்து போகிற தூரமில்லை. ஆனாலும் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நிற்க நம் வழக்கம் என்னிடம் இருந்தது, அதை அவர்கள் மொழியில் சொல்ல என் மகன் இருந்தான்.

உள்ளே போகுமுன் திரும்பிப் பார்த்தேன். நானா பாக் யூசோப்பின் பக்கத்தில், அவருடைய குடையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு நின்றான். மருமகன் நிற்க வேண்டிய இடம் அதுதான்.