பக்கத்து மெசினில் இருந்தவள்

குருநகரில் பிரியந்தினியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவளின் பேட்டியைப் பார்க்காதவர்கள் இல்லை. யுத்தம் முடிந்த கையோடு புலிகள் இயக்கப் பிள்ளைகளை அடைத்துவைத்த முகாமுக்குப் 'புனர்வாழ்வு' என்று பெயர் வைத்தார்களே, அந்தப் புண்ணியவான்கள் எடுப்பித்த பேட்டி. அவள் தலைக்கு எண்ணெய் வைத்து, தையல் மெசினுக்கு முன்னால் இருந்து சிரிக்கிறாள். "இஞ்சை ஒரு குறையும் இல்லை. வந்த எல்லாரும் சந்தோசமாய் இருக்கிறம்." கமராவுக்குப் பின்னால் அதிகாரி நின்றது படத்தில் விழவில்லை. எப்படி விழும்?

அந்தத் தையலால் அவளுக்கு ஒரு நேரச் சோறுகூடக் கிடைக்கவில்லை. முகாமிலிருந்து வந்தவளிடம் துணி கொடுக்க ஊருக்குப் பயம். இப்போது கரையில், நண்டுக் கொம்பனியில் சதை பிரித்தெடுக்கிறாள். சிலருக்கு அவள் இன்னும் புலி. பேட்டியைப் பார்த்த மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுத்தவள். கலியாணம் பேசி வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்த வழியே போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தப் பேட்டியைச் சாமிப்படம்போல வைத்திருந்தவள் ஒருத்திதான், வல்வெட்டித்துறைப் பத்மாசினி. அவளுடைய மகள் தனுஷாவும் அதே முகாமில், பிரியந்தினிக்குப் பக்கத்து மெசினில் தைத்தவள். திரும்பி வரவேயில்லை. அப்படி ஒருத்தி அங்கே இருந்ததே இல்லை என்று போன இடமெல்லாம் கைவிரித்தார்கள். ஆனால் பேட்டியில் பக்கத்து மெசினில், முதுகு காட்டி, இரட்டைப் பின்னலோடு ஒருத்தி இருக்கிறாளே! பத்மாசினி போனில் படத்தை நிறுத்தி அந்தப் பின்னலைத் தடவுவாள்.

காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க யாழ்ப்பாணத்தில் அரச ஆணைக்குழுவின் அமர்வு ஒன்று வந்தது. பத்மாசினி குருநகருக்கே வந்து நின்றாள்.

"ஒரு சொல்லுச் சொன்னால் காணும் பிள்ளை. உதிலை இருக்கிறது தனுஷா எண்டு சொல்லு."

பேட்டி எடுக்கிறதுக்கு முந்தின கிழமையே தனுஷாவை விசாரணைக்கென்று கொண்டுபோய்விட்டார்கள். வெளியாட்கள் வரும்போது ஒரு மெசினும் சும்மா கிடக்கக்கூடாது என்பது முகாமின் சட்டம். அதனால் சமையலுக்கு நின்ற ஒருத்தியைக் கூட்டிவந்து அந்த இடத்தில் இருத்தினார்கள். தனுஷாவைப் போலவே அவளுக்கு இரட்டைப் பின்னல் பின்னிவிட்டது பிரியந்தினிதான். இதை அந்தத் தாயிடம் சொல்ல, அமர்வுக்குப் போகிற வழியெல்லாம் வாயெடுத்தாள். முடியவில்லை.

அமர்வில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தனுஷா முகாமில் இருந்தது, கொண்டுபோனது, படத்தில் இருப்பவள் வேறொருத்தி என்பது. உண்மையே அந்தத் தாய்க்கு உதவும் என்று நம்பினாள், பாவி.

விசாரித்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப பேட்டியிலை சொன்னது?"

"பொய் ஐயா. சொல்லவைச்சவை."

"பொய் சொன்ன வாயை நாங்கள் எப்பிடித் தங்கச்சி நம்புறது? படத்திலை இருக்கிறதும் அந்தப் பிள்ளை இல்லையெண்டு நீரே சொல்லுறீர். வேறை என்ன இருக்கு?" அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே வெயில் கொளுத்தியது. பத்மாசினி அழவில்லை. போனை மடியில் செருகிக்கொண்டு, பிரியந்தினியின் முகத்தை நேரே பார்த்தாள்.

"அண்டைக்கு உவங்களுக்காக உலகமறியப் பொய் சொன்னனீ. இண்டைக்கு எனக்காக ஒரு பொய் சொல்ல உனக்கு வாய் வரேல்லையோடி?"