பார்த்துப் பார்த்துக் கெடுத்த சமையல்

யாழ்ப்பாணத்தில் பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் மனையியல் படிப்பித்த யோகராணி, சமையலைக் கெடுக்கப் பழகியது மெல்பேர்ணுக்கு வந்த பிறகுதான்.

1975இல் அவளும் கணவர் வரதராஜாவும் மெல்பேர்ணின் புறநகரான கிளென் வேவர்லியில் குடியேறினார்கள். பக்கத்து வீட்டில் மிஸ்டர் ஆர்ச்சி. டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி மேரி இறந்த பிறகு, தகரத்தில் வரும் பீன்ஸைச் சூடுகூடக் காட்டாமல் அள்ளித் தின்று காலம் தள்ளினார். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருந்தார். தேவாலயத்துப் பெண்கள் சாப்பாட்டோடு போனபோது, “நான் பிச்சைக்காரன் இல்லை” என்று கதவைச் சாத்திவிட்டார்.

ஞாயிறு ஆராதனையில் அவருக்காக உருக்கமாக ஜெபித்தார்கள். யோகராணியும் கண்ணை மூடினாள். ஆமென் சொல்வதற்குள் அவளுக்கு ஒரு குறும்பு யோசனை வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் ஆட்டிறைச்சி ஸ்டூவோடு போய்க் கதவைத் தட்டினாள்.

“மிஸ்டர் ஆர்ச்சி, எனக்கு உங்கட சாப்பாடு சமைக்க வருகுதில்லை. என்ர மனுசன் எதை வச்சாலும் நல்லாயிருக்கெண்டுதான் சொல்லுவார். நீங்கள் ஒருக்கா வாயில வச்சு, என்ன பிழையெண்டு சொல்லுங்கோ.”

குறை சொல்லக் கூப்பிட்டால் ஆர்ச்சிக்கு மறுக்கத் தெரியாது. ஒரு கரண்டி வாயில் வைத்தார்.

“உப்பு! கடலையே ஊற்றினாயா?”

“கிழங்கும் அப்பிடியோ?”

“பொறு, அதையும் பார்க்கிறேன்.”

பார்த்துப் பார்த்துப் பாத்திரம் காலியாகிவிட்டது.

அடுத்த நாள் உப்பைக் குறைத்து மிளகைக் கூட்டினாள். அதற்கடுத்த நாள் மசித்த கிழங்கில் சீனி போட்டாள். கெடுப்பதிலும் ஒரு பக்குவம் இருந்தது. சாப்பிடவும் முடியவேண்டும், திட்டவும் இடம் வேண்டும். சரியாக வந்துவிட்டால் மனிதர் பாராட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவாரே!

மிச்சமெல்லாம் வரதராஜாவின் தட்டுக்கு வந்தது. ஒருநாள் அவள் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் அவர் வந்து நின்றார்.

“யோகா, இது பொய்யில்லையோ?”

“கிழங்கில சீனி இருக்குத்தானே?”

“ஓம்.”

“அவரும் அதைத்தானே சொல்லுறார்? இதில பொய் எங்க?”

“சரி, எனக்கெண்டாலும் ஒரு நல்ல கறி வையுமன்!”

மாதங்கள் போயின. ஆர்ச்சியின் இடுப்பில் கயிறு போய் பெல்ட் வந்தது. கன்னமும் தேறியது. தேவாலயத்தில் கேக் போட்டி நடக்கிறது, யோகராணியும் சேர்கிறாள் என்று கேள்விப்பட்டதும், “பாவம், தோற்று அழப்போகிறாள்” என்று ஆறுதல் சொல்லவே புறப்பட்டு வந்தார்.

ஒலிபெருக்கி முழங்கியது: “முதற்பரிசு, பதினொரு வருடம் மனையியல் ஆசிரியையாக இருந்த திருமதி யோகராணி வரதராஜாவுக்கு!”

ஆர்ச்சியின் முகம் சிவந்தது. அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு நாலைந்து நாள் அவள் தட்டியும் அந்தக் கதவு திறக்கவில்லை.

யோகராணிக்கு நித்திரை வரவில்லை. “ஆண்டவரே, கெட்டித்தனம் காட்டப்போய் மனுசனைக் கேவலப்படுத்திப் போட்டன்” என்று அழுதாள். அந்த வாரக் கடைசியில் மன்னிப்புக் கேட்க வெறுங்கையோடு போனாள்.

கதவைத் திறந்த ஆர்ச்சி சிரிக்கவில்லை. மேசையைக் காட்டினார். மஞ்சள் நிறத்தில் ஒரு கறி. அதில் ஆப்பிள் துண்டுகளும் உலர்ந்த திராட்சையும் மிதந்தன. அதன் மேலே மிளகாய்த்தூள் ஒரு டின் முழுக்கக் கொட்டியிருந்தது.

“எனக்கு உங்கள் சாப்பாடு சமைக்க வராது. என்ன பிழையென்று சொல்.”

அவள் சாப்பிட்டாள். கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓடியது. ஆனாலும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. கடைசியில் இருமிக்கொண்டே, “உப்பு மட்டும் காணாது” என்றாள்.

ஆர்ச்சி வெடித்துச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்தார். “மேரி போன பிறகு எதைத் தின்றாலும் ருசி தெரியவில்லை. உன் உப்புத்தான் முதலில் நாக்கில் பட்டது. நீ மறுநாளும் வரவேண்டுமென்றே உன்னைத் திட்டினேன்.”

1977இல் கொழும்பில் தமிழருக்கு எதிராக எழுந்த கலவரத்துக்குத் தப்பி வந்த ஒரு குடும்பம் அதே தெருவில் வெறும் தரையில் படுத்தது. யார் எதைக் கொடுத்தாலும் கூச்சத்தோடு வேண்டாமென்றார்கள். ஆர்ச்சியும் யோகராணியும் வேலியருகே நின்று குசுகுசுத்தார்கள். பிறகு ஆர்ச்சி போய் அந்த வீட்டு மணியை அடித்தார்.

“என் கொட்டகையில் இரண்டு கட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. எடுத்துப்போய் என்னைக் காப்பாற்றுங்கள்!”

அன்று பின்னேரம் அந்த வீட்டில் கட்டில்களின் கால்களையும் சட்டங்களையும் சேர்த்துப் பூட்டியது வரதராஜாதான். ஒரு கால் கோணலாக நிற்கிறதென்று ஆர்ச்சி அவரை ஏசிக்கொண்டேயிருந்தார்.