அவள் கையைத் தூக்கிக் காட்டினேன்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மார்கழி மாதம், இரும்பை என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் நடந்தது இது. இன்றைக்கும் நான் அங்கேதான் வேலை செய்கிறேன்.

என் வேலை கிளேஸ் அடிப்பது. ஒருமுறை சுட்ட தட்டின் மேல் பளபளப்புக்காகப் பூசும் கரைசல்தான் கிளேஸ். தட்டைச் சுழல்மேடையில் வைத்து, ஒன்றரைச் சாண் தள்ளி ஸ்பிரே கன்னைப் பிடித்து, மெல்லிசாக மூன்று தடவை அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் வழியும். அவசரப்பட்டால் திட்டுத் திட்டாகிவிடும். பிறகு மறுபடியும் சூளை. அப்போதே பதினோரு வருட அனுபவம் எனக்கு. என் தட்டில் யாரும் குறை சொல்ல முடியாது என்ற திமிரும் இருந்தது. வாயும் கொஞ்சம் அதிகம்.

அந்த மழைக்காலத்தில் எனக்கு உதவியாக ஒருத்தி வந்து சேர்ந்தாள். மரக்காணம் உப்பளத்தில் இருபது வருடம் உப்பு வாரியவள். வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்தே ஒரு கண் மங்கிப்போயிருந்தது. இனிமேல் உப்பளத்தில் இறங்கினால் இன்னொரு கண்ணும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதனால்தான் இரண்டு பஸ் மாறி, இந்த நிழல் வேலைக்கு வந்தாள். என்னைவிட வயதில் பெரியவள். ஆனாலும் பட்டறையில் நான் பழைய ஆள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

தட்டை ஈரப் பஞ்சால் துடைத்து மேடையில் வைப்பது அவள் வேலை. உப்பு தின்ற கை, வெடிப்பு வெடிப்பாக இருக்கும். அதற்கு ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் அவளுக்கு. முதல் நாளே நான் கூடாது என்று சொல்லிவிட்டேன். தட்டில் எண்ணெய் பட்டால் சூளையில் அந்த இடத்தில் மட்டும் கிளேஸ் ஒட்டாமல் விலகிக்கொள்ளும், மண் சொட்டையாகத் தெரியும்.

ஒரு ஓட்டலுக்கான தட்டுகளை அடித்துச் சூளையில் வைத்தோம். திறந்தால் பாதிக்கு மேல் சொட்டை. மிளகு அளவில், விரல் நுனி அளவில். முதலாளியும் மற்றவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினேன்.

"பாருங்க இந்தக் கைய. எண்ணெயத் தடவிக்கினு வந்து என் தட்ட நாசம் பண்ணிட்டா. உப்பளத்து ஆளுங்கள உள்ள வுட்டா இப்படித்தான்."

அவள் கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. "நீங்க சொன்ன நாள்லேர்ந்து எண்ணெயத் தொடலக்கா. வெடிச்சி ரத்தம் வருது, அப்பவும் தொடல," என்றாள். வெடிப்பில் ரத்தம் காய்ந்து இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் பொய் சொல்கிறாய் என்றேன். மறுநாள் அவள் வரவில்லை.

அடுத்த சூளைக்கு நானே துடைத்தேன், நானே அடித்தேன். திறந்தால் அதே சொட்டை.

அப்போதுதான் கம்ப்ரசர் ஞாபகம் வந்தது. ஸ்பிரே கன்னுக்குக் காற்று அனுப்புகிற அந்தத் தொட்டிக்கு அடியில் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. மழை நாளில் காற்றோடு வருகிற ஈரம் உள்ளே தண்ணீராகச் சேரும், மெஷின் எண்ணெயும் அதில் கலக்கும். தினமும் காலையில் அதைத் திறந்து வடிக்க வேண்டும். அது என் வேலை. குழாய் இறுகிக்கொண்டதால் பத்து நாளாகப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். குறடு போட்டுத் திருப்பினேன். டீ நிறத்தில் எண்ணெயும் தண்ணீருமாகக் கொட்டியது. என் கன் வழியாக நானேதான் அந்த எண்ணெயைத் தட்டில் அடித்திருக்கிறேன்.

முதலாளியிடம் கம்ப்ரசரில் ஏதோ கோளாறு என்று மட்டும் சொன்னேன். அவளைக் கூப்பிட வேண்டியதுதானே என்றார். நானே போகிறேன் என்றேன். பொங்கல் போயிற்று, தை போயிற்று. மாசியில்தான் மரக்காணம் பஸ் ஏறினேன்.

உப்பளத்தில் நீளக் கழி மாட்டிய பலகையால் உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றும் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கித் தேடினாள். நான் பேசிய பிறகுதான் கண்டுபிடித்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, உன் கையில் ஒன்றும் இல்லை, மறுபடி வந்துவிடு என்றேன்.

அவள் பலகையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். கோபப்படவில்லை. "என் கை எனக்குத் தெரியாதாக்கா," என்றாள். பிறகு, "இத அங்க எல்லார் எதிர்லயும் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல," என்றேன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. "வெயில் ஏறுது, கெளம்புங்கக்கா," என்று திரும்பிக்கொண்டாள். உப்பு கண்ணைப் பறித்தது. அரை மணி நேரத்துக்கே என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் பட்டறையில் எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள், சிலர் அப்போதே மறந்துவிட்டார்கள். அவளுக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன். அவள் வரவில்லை. இப்போது இன்னொரு கண்ணும் சரியாகத் தெரிவதில்லை என்று போன மாதம் அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் சொன்னார்.

தினமும் காலையில் முதல் வேலையாக அந்தக் குழாயைத் திறந்து வடிக்கிறேன். ஆனால் ஊரறியத் தூக்கிக் காட்டிய கையை என்னால் இதுவரை இறக்கி வைக்க முடியவில்லை.