கையை எடுக்கவே இல்லை என்றான்

அறுபதுகளின் நடுவில் புவனகிரிக்குப் பக்கத்தில் வெள்ளாற்றின் குறுக்கே ஒரு கான்ட்ராக்டர் பாலம் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே நான் எலெக்ட்ரீஷியன். வயது இருபத்து மூன்று.

கான்ட்ராக்டர் எங்கிருந்தோ பழையதாக வாங்கி வந்த வெளிநாட்டுக் கிரேன் ஒன்று இருந்தது. கான்கிரீட் நிரப்பிய தொட்டியைத் தூக்கித் தூணின் தலையில் இறக்குவது அதன் வேலை. அதை ஓட்டியவன் என் நண்பன். கடலூரை ஒட்டிய மீனவ கிராமம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிப் பழகியவன். புவனகிரியில் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். நானும் அவனும் ஒருவரையொருவர் 'மச்சான்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

தொட்டியை ஏற்றி இறக்கும் லிவர் தள்ளிய இடத்திலேயே நிற்கும்; அதில் ஒரு பிடி உண்டு. அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் மோட்டார் ஓடும். கையை விட்டால் கரண்ட் நின்று பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கீழே இருப்பவர்கள் பிழைக்கட்டும் என்று வைத்த ஏற்பாடு.

பங்குனி மாதம் வாக்கில் கிரேன் திடீர் திடீரென்று நிற்க ஆரம்பித்தது. தொட்டி பாதி வழியில் அந்தரத்தில் தொங்கும். சில நொடிகளில் அதுவாகவே மறுபடி கிளம்பும். ஒரு நாளைக்கு மூன்று தடவை, நான்கு தடவை.

நான் சுவிட்சைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். ஸ்பிரிங் மாற்றினேன். ஒயரை முழுக்கச் சோதித்தேன். ஜெனரேட்டரையும் விட்டுவைக்கவில்லை. எதிலும் குறை இல்லை. கடைசியில் தயங்கித் தயங்கி அவனிடமே கேட்டேன், கையை எடுத்துவிடுகிறாயா என்று.

"நான் ஏன் மச்சான் எடுக்கறேன்? தேவநாத சாமி மேல சத்தியமா கைய எடுக்கவே இல்ல" என்றான்.

திருவந்திபுரம் தேவநாத சாமி மேல் அவன் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டான். அது எனக்குத் தெரியும். ஆனால் கை எடுக்காமல் அந்த சுவிட்ச் விழாது என்பதும் தெரியும். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? வேலை தெரியாதவன் என்று அவன் என்னை நினைக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. அவனுக்கு என்ன தோன்றியதோ. அறையில் பேச்சே குறைந்துவிட்டது.

இன்ஜினியருக்குப் பொறுமை போய்விட்டது. "மழைக்கு முன்னாடி தூணெல்லாம் முடிஞ்சாகணும். அந்தப் பிடியக் கட்டிப் போட்டுட்டு வேலயப் பாருய்யா" என்றார்.

என் மனசும் நண்பன் பக்கம்தான் சாய்ந்தது. அவன் சொல்வது உண்மை என்றால் பிசகு மெஷினில்தானே? மறுநாள் காலை செம்புக் கம்பியால் பிடியை இறுகச் சுற்றிக் கட்டினேன். மதியம் வரை கிரேன் ஒரு தடவைகூட நிற்கவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் குழப்பம் கூடிவிட்டது. அப்படியானால் என் கண்ணுக்குத் தப்பிய குறை எது?

அது பொறுக்காமல் சாப்பாட்டுக்குப் பிறகு கேபினில் ஏறி அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, சுவிட்ச் பெட்டியை மறுபடி திறந்தேன். கையெல்லாம் கிரீஸ். வேலை ஓடுகிற உற்சாகத்தில் அவன் கலகலப்பாகப் பேசிக்கொண்டே தொட்டியை இறக்கினான். கீழே தூணின் மேல் ஆறு பேர் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார்கள்.

"ஞாயித்துக்கெழம ஊருக்குப் போறேன். நீயும் வா. அக்கா வஞ்சிர மீனு..."

பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவன் கண் திறந்துதான் இருந்தது. எதையும் பார்க்கவில்லை. வாய் மட்டும் எதையோ மெல்வதுபோல் லேசாக அசைந்தது. விரல்கள் பிடியை விட்டுத் தளர்ந்து லிவர் மேலேயே கிடந்தன. "மச்சான்!" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். அசைவில்லை. தொட்டி இறங்கிக்கொண்டே இருந்தது. பிடியைத்தான் நான் கட்டிவிட்டேனே! எனக்குப் பின்னால் இருந்த மெயின் சுவிட்சை அடித்து இறக்கினேன்.

கீழே இருந்தவர்கள் கையை உயர்த்தினால் தொட்டுவிடும் உயரத்தில் தொட்டி நின்றது.

ஐந்தாறு நொடி போயிருக்கும். அவன் கண் சிமிட்டினான்.

"...கொழம்பு வப்பா, அவ கைப்பக்குவமே தனி" என்று முடித்தான். அப்புறம்தான், "ஏன் மச்சான் நிறுத்துன?" என்றான்.

நடந்ததைச் சொன்னேன். அவன் முகம் சிவந்துவிட்டது. "என்னய எறக்கிட்டு வேற ஆள ஏத்தப் பாக்குறாங்களா? நீயுமா அவுங்களோட சேந்துட்ட?"

நான் அவன் தோளைக் காட்டினேன். சட்டையில் என் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. அதை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இது எப்ப?" என்றான்.

கம்பியை அப்போதே வெட்டி எடுத்தேன். இன்ஜினியரிடம் நாங்கள் இருவருமே போய்ச் சொன்னோம். அவர் அன்றே அவனை ஸ்டோருக்கு மாற்றினார். மறுநாள் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இதுவும் ஒருவகை வலிப்புதான், வந்துபோவது வந்தவருக்கே தெரியாது, அந்த நேரம் தளரும் கை தெளிந்ததும் தானாகவே இறுகிவிடும் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்து, இனி மெஷின் பக்கம் போகவே கூடாது என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். பாதி வழியில், "அப்போ எனக்கே தெரியாம இதுவரைக்கும் எவ்ளோ நேரம் போயிருக்கும் மச்சான்?" என்று கேட்டான்.

மாத்திரையில் அது நன்றாகவே குறைந்தது. பாலம் முடியும் வரை ஸ்டோரில் இருந்தான். பிறகு கடலூரிலேயே வேறு வேலை கிடைத்து, கல்யாணமும் செய்துகொண்டான். எங்கள் நட்புக்குக் குறைவில்லை.

ஆனால் எனக்குள் அந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை. அவன் சொன்னது பொய்யில்லை, மெஷின் காட்டியதும் பொய்யில்லை. நண்பனை நம்பினேன் என்ற ஒரே காரணத்தால் ஆறு பேரின் உயிரோடு விளையாடிவிட்டேன். இன்றும் யாராவது என் எதிரில் நின்று "சத்தியமா நான் செய்யல" என்று சொன்னால், அவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, அவர் சொல்வதை மட்டும் நம்பி நடக்கத் துணிவும் வருவதில்லை.